கம்பெனி எடுத்த விபத்துக் காப்பீடு மறுக்கப்பட்டால்: ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா, நீதிமன்றமா?

நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் ஓரத்திலேயே பேனாவால் எழுதுங்கள். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் தேதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள்.

வேலை பார்த்தவர் விபத்தில் இறந்துபோகிறார். அவருடைய கம்பெனி தன் ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருந்த விபத்துக் காப்பீட்டில் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் எழுதிவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு நான்கு இடங்கள் இருக்கின்றன: இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் நடுவர்), நுகர்வோர் ஆணையம், நிரந்தர மக்கள் நீதிமன்றம், சிவில் நீதிமன்றம். ஆம்புட்ஸ்மேனிடம் போக ஓர் ஆண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு, சிவில் நீதிமன்றத்துக்கு மூன்று ஆண்டு கெடு. துக்க வீட்டில் யாரும் நாள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அதனால்தான் தேதியை முதலிலேயே சொல்கிறோம்.

இந்த நான்கில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பதுதான் வழியைத் தீர்மானிக்கும். வக்கீலைப் பார்க்கும் முன் அந்தக் கடிதத்தை நீங்களே நான்கு முறை படிப்பது நல்லது.

கையில் இருப்பது எந்தப் பாலிசி?

"கம்பெனி இன்சூரன்ஸ்" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று வேறு பாலிசிகளாக இருக்கலாம்.

முதலாவது குரூப் பெர்சனல் ஆக்சிடென்ட், சுருக்கமாக ஜி.பி.ஏ. விபத்தால் மரணமோ உடல் உறுப்பு இழப்போ நேர்ந்தால் குறித்த தொகை தரும். இந்தக் கட்டுரை இதைப் பற்றியதுதான். இரண்டாவது குரூப் டேர்ம் லைஃப். இதற்கு விபத்து தேவையில்லை, மாரடைப்பு மரணத்துக்கும் பணம் வரும். மூன்றாவது பணியாளர் இழப்பீட்டு பாலிசி. இது முதலாளி சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டை அவருக்காக இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டும் ஏற்பாடு. ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு நேரடி உரிமை தருவதல்ல, தொழிலாளர் துறை ஆணையர் வழியாகப் போவது.

எச்.ஆரிடம் மூன்றையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். ஜி.பி.ஏ. மறுக்கப்பட்ட வருத்தத்தில், யாரும் சொல்லாததால் டேர்ம் லைஃப் தொகையைக் கேட்காமலேயே விட்டுவிடும் வீடுகள் உண்டு. பி.எஃப். கணக்கோடு இணைந்த இ.டி.எல்.ஐ. காப்பீடும் அப்படித்தான். அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை தரும் அந்தத் திட்டத்தில் மரணம் எப்படி நேர்ந்தது என்ற கேள்வியே கிடையாது.

ஜி.பி.ஏ.வில் பாலிசி கம்பெனியின் பெயரில் இருக்கும், ஊழியர் பெயர் அதன் இணைப்புப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும். "மாஸ்டர் பாலிசியின் நகலைக் கம்பெனிக்குத்தான் தருவோம், உங்களுக்கு இல்லை" என்பது அடிக்கடி வரும் பதில். அதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பாலிசியின் முழு வாசகம், விலக்குகளின் பட்டியல், ஊழியர் பெயர் உள்ள பக்கம், இடையில் பெயர்கள் சேர்க்கப்பட்ட திருத்த இணைப்புகள் (எண்டார்ஸ்மென்ட்கள்), இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய புலனாய்வாளரின் அறிக்கை ஆகிய ஐந்தையும் கம்பெனியிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் பதிவுத் தபாலில் கேளுங்கள். தராவிட்டால், கேட்டும் தரவில்லை என்பதே பிறகு உங்கள் பக்கச் சான்று.

மறுப்புக் கடிதம் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் கட்டிப்போடுகிறது

பலருக்குத் தெரியாத ஒரு விதி இது. கடிதத்தில் எழுதாத காரணத்தை இன்சூரன்ஸ் நிறுவனம் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது. கலாடா பவர் வழக்கிலும் (2016), சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் (2019) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "தாமதமாகத் தெரிவித்தீர்கள்" என்று மட்டும் எழுதி மறுத்தவர்கள், ஆணையத்தில் வந்து "அவர் குடித்திருந்தார்" என்று வாதிட முடியாது.

இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. கோபத்தில் நீங்கள் எழுதும் ஐந்து பக்க மறுமுறையீட்டுக்குப் பதிலாக இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டாவது கடிதம் ஒன்றை அனுப்பி, அதில் புதுக் காரணங்களைச் சேர்த்துவிடலாம். ஆகவே மறுமுறையீடு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். அவர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில், அதற்கான ஆவணம், அவ்வளவுதான். அவர்கள் கேட்காத விவரத்தை நீங்களாக எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று: அடுத்தடுத்து மறுமுறையீடு எழுதிக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று நினைக்காதீர்கள். "எங்கள் முந்தைய முடிவில் மாற்றமில்லை" என்று பிறகு வரும் கடிதம் நுகர்வோர் ஆணையத்தின் இரண்டு ஆண்டைப் புதிதாகத் தொடங்கி வைக்காது என்றுதான் எதிர்த் தரப்பு வாதிடும். முதல் மறுப்புத் தேதியிலிருந்தே எண்ணுவது பாதுகாப்பு.

ஆம்புட்ஸ்மேன்: செலவில்லை, தோற்றாலும் வழி அடைபடாது

2017ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் விதிகள் குழுக் காப்பீட்டுப் பாலிசிகளையும் உள்ளடக்கியவை. தனிநபர் பாலிசிக்கு மட்டும்தான் என்று சில கம்பெனி அலுவலகங்களில் சொல்வது தவறு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னை அண்ணாசாலை, தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் வைத்து நடத்த முடியாது. நாமினியோ சட்டப்படியான வாரிசோ தானே மனு எழுதி, தானே பேச வேண்டும்.

முறை இப்படி. முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் மறுமுறையீடு கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்திலும் பதியலாம், அங்கே கிடைக்கும் டோக்கன் எண் நல்ல சான்று. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, அதிலிருந்து ஓர் ஆண்டுக்குள் ஆம்புட்ஸ்மேனுக்கு மனு போட வேண்டும். மறுமுறையீடு செய்யாமல் நேரே போனால் மனு திரும்பிவிடும். மனு எடுத்துக்கொள்ளப்பட்டதும் ஓர் ஒப்புதல் படிவம் வரும். அதைப் பூர்த்தி செய்து திருப்பி அனுப்பாதவரை கோப்பு நகராது. அது ஏதோ சம்பிரதாயக் காகிதம் என்று மேசையில் கிடப்பில் போடுவதால் பல மனுக்கள் வாரக்கணக்கில் தூங்குகின்றன.

தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பின் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது விதி. உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய் (2023 நவம்பருக்கு முன் 30 லட்சமாக இருந்தது). தீர்ப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், முப்பது நாளுக்குள் பணம் தர வேண்டும். நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் மனுதாரருக்குத் தர வேண்டும் என்று 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்திருக்கிறது. உங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்பதுதான் இந்த வழியின் பெரிய அனுகூலம். தோற்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டால் மட்டும் ஆம்புட்ஸ்மேனிடம் திரும்பி வர முடியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விசாரணை சுருக்கமானது. டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய இங்கே இடமில்லை. மன உளைச்சலுக்குத் தனி இழப்பீடும் எதிர்பார்க்க முடியாது, காப்பீட்டுத் தொகையும் விதிப்படியான வட்டியும்தான். தோற்றால் அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அதில் எழுதப்பட்ட காரணங்களை இன்சூரன்ஸ் நிறுவனம் பிறகு ஆணையத்தில் முதல் ஆவணமாகக் காட்டும். இலவசம்தானே, சும்மா போட்டுப் பார்ப்போம் என்று அரைகுறை ஆவணங்களோடு போவது நல்ல யோசனை அல்ல.

நுகர்வோர் ஆணையம்: நேரம் பிடிக்கும், ஆனால் ஆழமாகப் பார்க்கும்

பிரீமியம் கட்டியது கம்பெனி, அப்படியிருக்க குடும்பம் எப்படி நுகர்வோர் ஆகும் என்ற கேள்வி வரும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையின் பயனாளியும் நுகர்வோரே. அந்த வாதத்தால் பயப்பட வேண்டாம்.

எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது கேட்கும் தொகை அல்ல, சேவைக்காகக் கொடுத்த தொகை, அதாவது பிரீமியம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஒரு கோடி ரூபாய் காப்பீட்டைக் கேட்டாலும் பிரீமியம் சில ஆயிரமோ, குழு முழுவதற்கும் சில லட்சமோ இருக்கும் என்பதால் பெரும்பாலும் மாவட்ட ஆணையமே போதும். இந்தக் கணக்கு முறை செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கணவர் சென்னையில் வேலை பார்த்து இறந்தார், மனைவி இப்போது தன் அம்மா வீட்டோடு திருநெல்வேலியில் இருக்கிறார் என்றால், திருநெல்வேலியிலேயே போடலாம்.

எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் மனு போட வேண்டும், அதிகம் போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஆணையம் நினைத்தாலும் நேரம் தர முடியாது என்று 2020இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 46ஆம் நாள் வந்த பதில் மனுவை ஏற்க ஆட்சேபம் தெரிவிப்பது உங்கள் உரிமை, மறக்காமல் பயன்படுத்துங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் ஓரிரு ஆண்டுகளுக்குத் தயாராக இருங்கள். வென்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு போகலாம், ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்தில் நுழைய முடியும். மதுரைக் கிளை இருப்பதால் தென் மாவட்டத்துக்காரர்கள் அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

டாக்டரின் கருத்துரை, பிரமாணப் பத்திரம், எழுத்துக் கேள்விகள் வழியாகக் குறுக்கு விசாரணை என்று உண்மையைத் தோண்டிப் பார்க்க இங்கே வாய்ப்பு உண்டு. வட்டி, மன உளைச்சல் இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றும் கேட்கலாம். உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனைக்கு இடம் தரும் 72ஆம் பிரிவு நடைமுறையில் காசோலையை வேகமாக வரவைக்கும்.

மற்ற இரண்டு

நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்பது மாதம் ஒருமுறை கூடும் லோக் அதாலத் அல்ல. இன்சூரன்ஸைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகக் கணக்கில் கொண்டு, ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறை இலவசமாக விசாரிக்கும். முதலில் சமரசம் முயலும், அது முறிந்தால் தானே தீர்ப்புச் சொல்லும். அதற்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டும்தான். வென்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழுத்தடிக்க வழியில்லை, தோற்றால் உங்களுக்கும் ஏறத்தாழ அதோடு முடிந்தது. எல்லா மாவட்டத்திலும் இயங்குவதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் முழுமறுப்பில் இல்லாமல், "பாதி தருகிறோம்" என்ற மனநிலையில் இருக்கும் வழக்குகளுக்கு இந்த இடம் பொருந்தும்.

சிவில் நீதிமன்றத்தைக் கடைசியாக வையுங்கள். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 25 லட்சம் கேட்டால் 75,000 ரூபாய். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எனவே கணவரை இழந்த பெண் இந்தச் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டியதில்லை. இந்த வழி அவசியமாகும் சூழல் ஒன்று உண்டு, கீழே சொல்கிறோம்.

காரணம் எதுவோ, அதற்கேற்ற இடம்

"தாமதமாகத் தெரிவித்தீர்கள்", "ஆவணம் போதவில்லை." இது ஆம்புட்ஸ்மேனுக்கே உரிய வழக்கு. தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஈமச் சடங்கு, எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்த தேதி, வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்த தேதி, கம்பெனிக்கு மரணத்தைச் சொன்ன தேதி ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கொடுங்கள். பல நேரங்களில் குடும்பம் உடனே கம்பெனிக்குச் சொல்லியிருக்கும், கம்பெனிதான் இன்சூரன்ஸுக்குச் சொல்லத் தவறியிருக்கும். எச்.ஆருக்குப் போன வாட்ஸாப் செய்திகூட இங்கே உதவும்.

"மாரடைப்பு, எனவே விபத்து அல்ல." இதில்தான் அதிகக் கவனம் தேவை. பாலிசி வாசகம் பொதுவாக வெளியிலிருந்து, வன்மையாக, கண்ணுக்குத் தெரியும்படி நேர்ந்த காயத்தையே விபத்து என்று கொள்ளும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓர் எல்.ஐ.சி. வழக்கில், பைக் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி வந்து கீழே விழுந்தார், மரணத்துக்குக் காரணம் மாரடைப்பு. விபத்துப் பலன் கிடையாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், மொசாம்பிக்கில் வேலை பார்த்தவர் கொசுக்கடியால் மலேரியா வந்து இறந்ததும் விபத்து அல்ல என்றது, மலேரியா பரவலாக உள்ள நாட்டில் அது எதிர்பாராத நிகழ்வல்ல என்ற காரணத்தால்.

ஆகவே பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். உயிரோடு இருந்தபோது ஏற்பட்ட காயங்கள் என்ற பட்டியலில் மண்டையோட்டு முறிவோ மூளையில் இரத்தக் கசிவோ உள்புற இரத்தப் போக்கோ இருக்கிறதா? மரணக் காரணம் என்ற கடைசி வரியில் அந்தக் காயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவா? இருந்தால், இதயத்தில் பழைய அடைப்பு இருந்தது என்ற ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு மறுத்தது தவறு என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரு தடயவியல் மருத்துவப் பேராசிரியரின் எழுத்துக் கருத்தோடு நேரே நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இந்த வகை வழக்கை ஆம்புட்ஸ்மேனின் சுருக்கமான விசாரணையில் கொண்டுபோய் வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. காயமே இல்லை, மாரடைப்பு மட்டும்தான் என்றால், ஜி.பி.ஏ.வுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட டேர்ம் லைஃப், இ.டி.எல்.ஐ. தொகைகளை உடனே வாங்குவதில் சக்தியைச் செலவிடுங்கள்.

"மது அருந்தியிருந்தார்." விலக்கு ஒன்று பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது இன்சூரன்ஸ் நிறுவனம்தான். உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன விதி இது, 2023இல் வேதிக் ரிசார்ட்ஸ் வழக்கிலும் மறுபடி சொன்னது. உள்ளுறுப்பு வேதிப் பரிசோதனை அறிக்கையில் "எத்தில் ஆல்கஹால் கண்டறியப்பட்டது" என்று மட்டும் இருந்து அளவு இல்லாவிட்டால், போதையில் இருந்தார் என்பது அதிலிருந்து தானாக நிரூபணமாகாது. உடல் அழுகத் தொடங்கினால் உடலுக்குள்ளேயே ஆல்கஹால் உண்டாகும் என்பதால், மரணத்துக்கும் பரிசோதனைக்கும் இடைப்பட்ட நேரம் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். இரத்தத்தில் மதுவின் அளவு தெரியாதபோதும் சூழ்நிலைச் சான்றுகளை வைத்துப் போதையை நிரூபிக்கலாம் என்று 2021இல் ஒரு வாகனக் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்பத்திரி அனுமதிக் குறிப்பில் "மது வாடை" என்று எழுதியிருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

இறந்தவர் பின்னால் உட்கார்ந்து போனவரா, ஓட்டியவரா என்று பாருங்கள். நின்றிருந்த பைக் மேல் லாரி மோதியது என்றால் அவர் குடித்ததற்கும் மரணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆனால் சில பாலிசிகளின் வாசகம் தொடர்பையே கேட்காது, "போதையில் இருக்கும்போது" என்று மட்டும் இருக்கும், அந்த ஒரு சொல்லில்தான் வழக்கின் பாதி. மதுவே மரணக் காரணமாக இருந்தால் கடினம். இமாச்சலப் பிரதேச வனக் கழகக் காவலாளி ஒருவர் அளவு மீறிய மதுவால் மூச்சடைத்து இறந்த வழக்கில், உடலில் காயம் இல்லாததால் அது விபத்து மரணம் ஆகாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதுவும் வேலை கொடுத்தவர் எடுத்த காப்பீடுதான். அளவு இல்லாத அறிக்கை மட்டுமே எதிரில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் போதும், அளவும் சாட்சியும் இருந்தால் ஆணையம்.

"தற்கொலை." ரயில் பாதை, கிணறு, மாடியிலிருந்து விழுதல் ஆகியவற்றில் வரும். காவல் துறையின் இறுதி அறிக்கை வரும் வரை முடிவை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதுங்கள். இரங்கல் வீட்டில் யாரோ உறவினர் "மனக்கஷ்டத்தில் இருந்தார்" என்று புலனாய்வாளரிடம் சொல்லி, அவர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார். அந்த வாக்குமூலத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆணையத்தில்தான் அதைச் சோதிக்க முடியும்.

"பட்டியலில் பெயர் இல்லை." வருடத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு வரும் சிக்கல் இது. புது ஊழியரின் பெயரைச் சேர்க்க, கம்பெனி இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் வைத்திருக்கும் முன்பணத்தில், துறையில் சி.டி. பேலன்ஸ் என்பார்கள், போதுமான தொகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்டார்ஸ்மென்ட் போடமாட்டார்கள். முன்கூட்டி பிரீமியம் வராமல் பொறுப்பு ஏற்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவே சொல்கிறது. பெயர் சேர்க்கச் சொல்லிக் கம்பெனி எந்தத் தேதியில் பட்டியல் அனுப்பியது, அன்று பேலன்ஸ் எவ்வளவு? இந்த இரண்டு விவரமும்தான் வழக்கு. விபத்துக்கு முன்பே பட்டியலும் பணமும் போயிருந்தால் தவறு இன்சூரன்ஸ் நிறுவனத்துடையது, ஆணையத்தில் இருவரையும் எதிர்த் தரப்பாகச் சேருங்கள். கம்பெனி அனுப்பவே இல்லை என்றால் ஆம்புட்ஸ்மேனால் ஒன்றும் செய்ய முடியாது, முதலாளி மீது அவருக்கு அதிகாரமில்லை. ஆணையத்தில் கம்பெனி "நாங்கள் சேவை விற்பவர்கள் அல்ல" என்று வாதிடும், அந்த வாதத்துக்கு வலு உண்டு. நியமனக் கடிதத்திலோ கம்பெனியின் பணியாளர் கையேட்டிலோ விபத்துக் காப்பீடு உண்டு என்று எழுதியிருந்தால், அந்த வாக்கை மீறியதற்காகக் கம்பெனி மீது சிவில் வழக்குப் போடுவதே உறுதியான பாதை. முன்பு சொன்ன அவசியமான சூழல் இதுதான்.

கையெழுத்துப் போடும் முன்

கடைசிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் தரும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். "காப்பீட்டு உரிமைகள் நீங்கலாக" என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் கருணைத் தொகை என்று ஒரு பகுதியைத் தர முன்வந்தாலும் அப்படியே, "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுத வேண்டும்.

சாலை விபத்தாக இருந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்து மனு தனி, ஜி.பி.ஏ. தனி. பாலிசியில் வந்த பணத்தைத் தீர்ப்பாயம் இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்பது 1998இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். ஆனால் தீர்ப்பாயத்து மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். ஜி.பி.ஏ. தகராறு முடியட்டும் என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள். வேலையின்போது நேர்ந்த மரணத்துக்கு இ.எஸ்.ஐ. சார்ந்தோர் பலனோ பணியாளர் இழப்பீடோ உண்டு, அதுவும் தனிக் கணக்கு.

இரண்டு ஆண்டு நெருங்கும்போது

ஆம்புட்ஸ்மேனிடம் மனு கிடக்கும் காலம் நுகர்வோர் ஆணையத்தின் இரண்டு ஆண்டிலிருந்து தானாகக் கழியாது. ஆம்புட்ஸ்மேன் வழியைத் தேர்ந்தால் மறுப்பு வந்த மூன்று மாதத்துக்குள் அங்கே போய்விடுங்கள், ஓர் ஆண்டு இருக்கிறது என்று பதினோராம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். முதல் மறுப்பிலிருந்து இருபதாம் மாதத்தில் இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றால், நுகர்வோர் மனுவை எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு தயாராக வையுங்கள். இருபத்து மூன்றாம் மாதத் தொடக்கத்திலும் வரவில்லை என்றால், ஆம்புட்ஸ்மேனிடம் மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி, அதை இணைத்து ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள். கெடு தாண்டியே விட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் சேர்க்க வேண்டும். அதில் ஆம்புட்ஸ்மேனிடம் நின்ற ஒவ்வொரு தேதியையும் ஒப்புகைச் சீட்டோடு காட்டுங்கள்.